மெய்நிகர் கணினியில் பழுதுநீக்கப் பயிற்சி: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

கணினி பழுதுநீக்கம் கற்கத் தொடங்கும் ஒருவருக்கு, எத்தனை முறை கெடுத்தாலும் யாருக்கும் இழப்பு நேராத ஒரு கணினி தேவை. விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மென்பொருளில் உருவாக்கும் மெய்நிகர் கணினி அந்தத் தேவையைப் பெருமளவு நிறைவேற்றுகிறது. பூட் கோப்புகளை அழிக்கலாம், பார்ட்டிஷனைக் கலைக்கலாம், நெட்வொர்க் அமைப்பைக் குழப்பலாம். பிறகு ஓரிரு நிமிடங்களில் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். ஆனால் பலர் இந்தப் பயிற்சிக் கணினியை நிறுவும் கட்டத்திலேயே ஒரு பிழைச் செய்தியில் சிக்கி, இணையத்தில் கிடைத்த கட்டளைகளை எல்லாம் வரிசையாக அடித்துப் பார்த்துவிட்டு, முயற்சியைக் கைவிடுகிறார்கள். அந்தப் பிழையும் ஒரு பழுதுதான் என்பதையும், அதை முறையாகக் கண்டறிவதே முதல் பயிற்சி என்பதையும் மனத்தில் கொண்டு இந்த வழிமுறையை எழுதியிருக்கிறேன்.

இங்கே எடுத்துக்கொண்டிருக்கும் அமைப்பு, 8 அல்லது 16 ஜிபி ரேம் கொண்ட ஒரு விண்டோஸ் மடிக்கணினி, அதில் விர்ச்சுவல்பாக்ஸ் 7, அதனுள் விண்டோஸ் 11 ஆகும். மேசைமேல் இருக்கும் உண்மையான கணினியை ஹோஸ்ட் என்றும், அதற்குள் ஓடும் கணினியைக் கெஸ்ட் என்றும் குறிப்பிடுகிறேன். எந்த அறிகுறி தென்பட்டாலும், பழுது ஹோஸ்டில் இருக்கிறதா, மெய்நிகர் கணினிக்குக் கொடுத்த அமைப்பில் இருக்கிறதா, கெஸ்டுக்குள் இருக்கும் விண்டோஸில் இருக்கிறதா என்பதை முதலில் தீர்மானியுங்கள். பிழைச் செய்தி தோன்றும் இடமே பெரும்பாலும் விடையைக் கொடுத்துவிடும். கெஸ்டின் திரை திறப்பதற்கு முன்பே ஹோஸ்டில் ஒரு பெட்டியாகத் தோன்றினால் காரணம் ஹோஸ்டில் இருக்கிறது. கெஸ்டின் திரை கறுப்பாகத் திறந்து, விண்டோஸ் சின்னம் வருவதற்கு முன்பே எழுத்துகளோடு நின்றுவிட்டால், மெய்நிகர் கணினியின் அமைப்பையோ அதன் பூட் பகுதியையோ பார்க்கவேண்டும். விண்டோஸ் சின்னம் சுழலத் தொடங்கிய பிறகு வரும் பழுதுகள் பெரும்பாலும் கெஸ்டுக்குள் இருப்பவை. ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தை மட்டும் செய்யுங்கள். அது பலன் தராவிட்டால், அடுத்ததைத் தொடுவதற்கு முன் அதைப் பழையபடி வைத்துவிடுங்கள்.

அறிகுறி: கெஸ்ட் தொடங்கவே இல்லை, விடி-எக்ஸ் அல்லது ஏஎம்டி-வி இல்லை என்ற செய்தி வருகிறது

சில கணினிகளில் இதே பழுது வேறு முகத்தோடு வரும். புதிய மெய்நிகர் கணினியை உருவாக்கும்போது இயங்குதளங்களின் பட்டியலில் 32 பிட் வகைகள் மட்டுமே தெரியும். 64 பிட் வகை ஒன்றுகூட இருக்காது.

ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டுவதற்கு இன்டெல், ஏஎம்டி நிறுவனங்கள் 2005, 2006 ஆண்டுகளிலிருந்தே தம் செயலிகளில் விடி-எக்ஸ், ஏஎம்டி-வி என்ற பெயர்களில் தனி வசதியைச் சேர்த்து வருகின்றன. விர்ச்சுவல்பாக்ஸின் 6.1 பதிப்பு முதல் இந்த வசதி இல்லாமல் எந்தக் கெஸ்டும் ஓடாது. இன்று புழக்கத்தில் இருக்கும் பெரும்பாலான செயலிகளில் இது உண்டு என்றாலும், கணினி தொடங்கும்போது வன்பொருளை அமைக்கும் அடிப்படை நிரலான பயாஸில் அணைக்கப்பட்டிருப்பது சாதாரணமாக நடப்பது.

டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியு பகுதியைப் பாருங்கள். வலப்பக்கம் கீழே விர்ச்சுவலைசேஷன் என்ற வரி இருக்கும். அது 'டிஸேபிள்டு' என்று காட்டினால் பயாஸுக்குள் செல்லவேண்டும். கணினியின் தயாரிப்பைப் பொறுத்து எஃப்2, எஃப்10, டெலீட் ஆகிய விசைகளில் ஒன்று அதைத் திறக்கும். இன்டெல் கணினிகளில் இன்டெல் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி என்றும், ஏஎம்டி கணினிகளில் பெரும்பாலும் எஸ்விஎம் மோடு என்றும் இந்த வசதிக்குப் பெயர் இருக்கும். செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு, சிபியு கான்ஃபிகரேஷன் ஆகிய பக்கங்களில் ஏதாவது ஒன்றில் அதைக் காணலாம். இயக்கிச் சேமித்த பிறகு கணினியை முழுவதுமாக அணைத்து மீண்டும் இயக்குங்கள்.

டாஸ்க் மேனேஜர் 'எனேபிள்டு' என்று காட்டியும் இதே செய்தி வந்தால் பயாஸில் நேரத்தைச் செலவிட வேண்டாம். வசதி இருக்கிறது, வேறு யாரோ அதைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். அதற்கான விளக்கம் அடுத்த அறிகுறியில் இருக்கிறது.

லினக்ஸை ஹோஸ்டாகப் பயன்படுத்துவோருக்கு ஒரு குறிப்பு. கர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) டிரைவர் நிறுவப்படவில்லை என்ற செய்தி வந்தால், செக்யூர் பூட் (கையொப்பமிட்ட நிரல்களை மட்டும் தொடங்கவிடும் பாதுகாப்பு) இயக்கத்தில் இருப்பதால் கையொப்பமிடப்படாத விர்ச்சுவல்பாக்ஸ் மாட்யூலைக் கர்னல் ஏற்க மறுத்திருக்கிறதா என்று பாருங்கள். விடி-எக்ஸை வேறொரு ஹைப்பர்வைசர் (மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருள்) பயன்படுத்துகிறது என்ற செய்தி வந்தால், லினக்ஸின் சொந்த ஹைப்பர்வைசரான கேவிஎம்மின் மாட்யூல் ஏற்றப்பட்டிருக்கும். லினக்ஸ் கர்னல் 6.12 முதல் கேவிஎம் ஏற்றப்பட்ட உடனேயே செயலியின் இந்த வசதியைத் தன் பிடியில் எடுத்துக்கொள்வதால், முன்பு சிக்கலின்றி ஓடிக்கொண்டிருந்த கணினிகளிலும் கர்னலைப் புதுப்பித்த பிறகு இது தோன்றுகிறது. அந்த மாட்யூலை இறக்கிவிட்டால் போதும்.

அறிகுறி: கெஸ்ட் ஓடுகிறது, ஆனால் பொறுக்க முடியாத அளவு மெதுவாக ஓடுகிறது

கெஸ்டின் சாளரத்துக்குக் கீழே இருக்கும் சின்னங்களின் வரிசையை முதலில் பாருங்கள். அங்கே ஒரு பச்சை ஆமை தெரிந்தால் காரணம் உறுதியாகிவிட்டது: விண்டோஸின் சொந்த ஹைப்பர்வைசரான ஹைப்பர்-வி இயங்கிக்கொண்டிருக்கிறது. ஹைப்பர்-வி ஹோஸ்டில் இயக்கப்பட்டிருந்தால், கணினி தொடங்கும்போதே அது செயலியின் மெய்நிகராக்க வசதியைத் தன் வசம் எடுத்துக்கொள்கிறது. ஹோஸ்ட் விண்டோஸே அதன்மேல்தான் ஓடுகிறது. அதன் பின் வரும் விர்ச்சுவல்பாக்ஸ் செயலியை நேரடியாக அணுக முடியாமல், ஒவ்வொன்றுக்கும் ஹைப்பர்-வியின் வழியாகச் சென்று வரவேண்டியிருக்கிறது. வேகம் குறைவது அதனால்தான்.

நான் ஹைப்பர்-வியை நிறுவவே இல்லையே என்று பலர் கேட்பது இயல்பு. அதே அடித்தளத்தைப் பயன்படுத்தும் வசதிகள் பல. லினக்ஸுக்கான விண்டோஸ் துணை அமைப்பின் 2ஆம் பதிப்பு, டாக்கர் (நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் மென்பொருள்), விண்டோஸ் சாண்ட்பாக்ஸ் ஆகியவற்றை நிறுவியிருந்தால் அது இயங்கும். எதையுமே நிறுவாத புதிய மடிக்கணினியிலும், விண்டோஸ் செக்யூரிட்டியில் டிவைஸ் செக்யூரிட்டியின் கீழ் உள்ள கோர் ஐசொலேஷன் பகுதியில் மெமரி இன்டெக்ரிட்டி இயக்கப்பட்டிருந்தால் போதும். சிஸ்டம் இன்ஃபர்மேஷன் கருவியைத் திறந்து சுருக்கப் பக்கத்தின் கடைசி வரியைப் படியுங்கள். ஒரு ஹைப்பர்வைசர் கண்டறியப்பட்டுள்ளது என்று அங்கே எழுதியிருந்தால் ஐயம் தீர்ந்தது.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. கணினியில் டாக்கரோ துணை அமைப்போ தேவையில்லை என்றால், விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம், விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்ம், சாண்ட்பாக்ஸ் ஆகியவற்றின் குறிகளை நீக்கி மறுதொடக்கம் செய்யலாம். அவ்வப்போது மட்டும் நிறுத்தவேண்டும் என்றால், நிர்வாகி உரிமையுடன் திறந்த கட்டளைச் சாளரத்தில், பூட் அமைப்பை மாற்றும் பிசிடிஎடிட் கட்டளை மூலம் ஹைப்பர்வைசர் லாஞ்ச் டைப் என்ற மதிப்பை ஆஃப் என்று மாற்றலாம். திரும்பத் தேவைப்படும்போது ஆட்டோ என்று வைக்கலாம். டிஸ்கைக் குறியாக்கம் செய்து பூட்டும் பிட்லாக்கர் இயங்கும் கணினியில் பூட் அமைப்பை மாற்றும் முன் மீட்புக் குறியீடு கையில் இருப்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். மூன்றாவது வழி, உங்களிடம் இருப்பது விண்டோஸ் புரோ பதிப்பானால், விர்ச்சுவல்பாக்ஸை விட்டுவிட்டு ஹைப்பர்-வி மேனேஜரிலேயே பயிற்சிக் கணினியை உருவாக்குவது. மெமரி இன்டெக்ரிட்டியை அணைக்கும் யோசனை இணையத்தில் எளிதாகச் சொல்லப்படுகிறது. வங்கிப் பணிகளுக்கும் குடும்பத்தின் கோப்புகளுக்கும் பயன்படும் கணினியில் அதைச் செய்ய நான் பரிந்துரைக்க மாட்டேன்; பயிற்சியின் வேகத்துக்காக ஹோஸ்டின் பாதுகாப்பைக் குறைப்பது தகாத விலை.

ஆமை தெரியவில்லை, ஆனாலும் மெதுவாக இருக்கிறது என்றால் நினைவகத்தைப் பாருங்கள். 8 ஜிபி ஹோஸ்டில் விண்டோஸ் 11 கெஸ்டுக்குக் கொடுக்கக்கூடிய குறைந்தபட்சமும் 4 ஜிபி, அதிகபட்சமும் அதுவே. அப்போது ஹோஸ்டில் பிரவுசரை மூடிவைக்க வேண்டும். செயலிக் கோர்களில் இரண்டு போதும். எல்லாக் கோர்களையும் கெஸ்டுக்கே கொடுத்துவிட்டால் ஹோஸ்ட் மூச்சுத்திணறி, அதன் விளைவாகக் கெஸ்டும் தடுமாறும். கெஸ்டின் டிஸ்க் கோப்பு சுழலும் ஹார்ட் டிஸ்கில் இருந்தால் விண்டோஸ் 11 எப்படி அமைத்தாலும் மெதுவாகத்தான் இருக்கும். எஸ்எஸ்டிக்கு மாற்றுவது ஒன்றே தீர்வு.

அறிகுறி: இந்தக் கணினியில் விண்டோஸ் 11ஐ நிறுவ முடியாது என்று நிறுவி மறுக்கிறது

விண்டோஸ் 11க்கு 4 ஜிபி ரேம், 64 ஜிபி டிஸ்க், இரண்டு கோர்கள், டிபிஎம் 2.0 (குறியாக்கச் சாவிகளைக் காக்கும் பாதுகாப்புச் சில்லு), செக்யூர் பூட்டை ஆதரிக்கும் யுஇஎஃப்ஐ (பழைய பயாஸின் இடத்தைப் பிடித்த புதிய வடிவம்) ஆகியவை தேவை. 2022இல் வெளிவந்த விர்ச்சுவல்பாக்ஸ் 7.0 பதிப்பிலிருந்து டிபிஎம்மும் செக்யூர் பூட்டும் கிடைக்கின்றன. அதற்கு முந்தைய பதிப்பு இருந்தால் முதலில் அதைப் புதுப்பியுங்கள். பிறகு சிஸ்டம் பக்கத்தில் டிபிஎம் பதிப்பை 2.0 என்றும் யுஇஎஃப்ஐயை இயக்கத்தில் இருக்குமாறும் வையுங்கள். சோதனைகளைத் தவிர்க்கும் ரெஜிஸ்ட்ரி தந்திரங்கள் பரவலாகத் தெரிந்தவைதான். பயிற்சிக் கணினியில் அவற்றைப் பயன்படுத்தினால், பழுதுபார்க்க வரப்போகும் உண்மையான கணினிகளின் பூட் அமைப்பிலிருந்து உங்கள் பயிற்சிக் கணினி விலகிப்போகும். ஆகவே அவற்றைத் தவிர்ப்பது நல்லது.

உரிமம் பற்றிய தயக்கம் இருந்தால், மைக்ரோசாஃப்ட் வழங்கும் விண்டோஸ் எண்டர்பிரைஸ் மதிப்பீட்டுப் பதிப்பை 90 நாட்களுக்கு முறைப்படி பயன்படுத்தலாம்.

அறிகுறி: பூட் செய்ய ஏதும் இல்லை என்ற செய்தியோடு கறுப்புத் திரை, அல்லது யுஇஎஃப்ஐ ஷெல் திறக்கிறது

ஐஎஸ்ஓ கோப்பை (விண்டோஸ் நிறுவல் டிவிடியின் முழு நகல்) மெய்நிகர் டிவிடி இயக்ககத்தில் செருகியிருக்கிறீர்களா என்று ஸ்டோரேஜ் பக்கத்தில் பாருங்கள். செருகியிருந்தும் ஷெல் திறந்தால், டிவிடியிலிருந்து பூட் செய்ய ஒரு விசையை அழுத்துமாறு சில நொடிகள் தோன்றும் வரியைத் தவறவிட்டிருப்பீர்கள். கெஸ்டை ரீசெட் செய்து, அதன் சாளரத்துக்குள் ஒருமுறை சொடுக்கிவிட்டு உடனே விசையை அழுத்துங்கள். சொடுக்காவிட்டால் விசை ஹோஸ்டுக்கே போய்விடும்.

நிறுவல் நடுவில் கோப்பு சிதைந்திருப்பதாகச் செய்தி வந்து நின்றால், ஐஎஸ்ஓ கோப்பின் எஸ்ஹெச்ஏ-256 மதிப்பை (கோப்பின் கைரேகை போன்றது) ஹோஸ்டில் கணக்கிட்டு, பதிவிறக்கப் பக்கத்தில் தரப்பட்டிருக்கும் மதிப்போடு ஒப்பிடுங்கள். மதிப்பு வேறுபட்டால் மீண்டும் பதிவிறக்குவதைத் தவிர வேறு ஆராய்ச்சி தேவையில்லை. நிறுவல் முடிந்து மறுதொடக்கம் ஆகும்போதெல்லாம் மீண்டும் நிறுவியே வந்து நின்றால், ஐஎஸ்ஓவை இயக்ககத்திலிருந்து நீக்கிவிடுங்கள்.

விண்டோஸ் நிறுவப்பட்டு, கெஸ்டுக்கென விர்ச்சுவல்பாக்ஸ் தரும் துணை டிரைவர்களான கெஸ்ட் அடிஷன்ஸும் போடப்பட்டு, எல்லாம் ஒழுங்காக ஓடும் நிலை வந்ததும், கெஸ்டை அணைத்துவிட்டு முதல் ஸ்னாப்ஷாட்டை (திரும்பி வரக்கூடிய மீட்புப் புள்ளி) எடுத்து அதற்குத் தெளிவான பெயர் கொடுங்கள். இனி வரும் பழுதுகளில் பெரும்பாலானவை நீங்களே உண்டாக்கப் போகிறவை.

அறிகுறி: பூட் தகவல் காணவில்லை என்ற நீலத்திரை

பழுதுநீக்குநர் தம் வாழ்நாளில் அடிக்கடி சந்திக்கப்போகும் பழுது இது. எனவே நேரம் ஒதுக்கிப் பலமுறை செய்து பழகவேண்டியதும் இதுவே.

முதலில் பழுதை உருவாக்குவோம். ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் தன் பூட் தகவல் கோப்பைப் பூட்டி வைத்திருக்கும் என்பதால், விண்டோஸ் ஐஎஸ்ஓவிலிருந்து கெஸ்டைத் தொடங்கி, நிறுவியின் முதல் திரையில் ஷிஃப்ட், எஃப்10 விசைகளைச் சேர்த்து அழுத்திக் கட்டளைச் சாளரத்தைத் திறங்கள். டிஸ்கின் பகுதிகளைக் கையாளும் டிஸ்க்பார்ட் கருவியில் வால்யூம்களைப் பட்டியலிட்டால் ஃபேட்32 வகையில், ஒருசில நூறு எம்பி அளவில் ஒரு சிறிய பகுதி தெரியும். அதுதான் பூட் கோப்புகள் இருக்கும் இஎஃப்ஐ பகுதி. அதைத் தேர்ந்தெடுத்து எஸ் என்ற டிரைவ் எழுத்தைக் கொடுத்து வெளியே வாருங்கள். அந்தப் பகுதியில் இஎஃப்ஐ, மைக்ரோசாஃப்ட், பூட் என்று ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் கோப்புறைகளின் உள்ளே பிசிடி என்ற கோப்பு இருக்கிறது. அதன் பெயரை மாற்றிவிட்டு மறுதொடக்கம் செய்தால் கெஸ்ட் நீலத்திரையில் நிற்கும். பெயர் மாற்றும்போது கோப்பே இல்லை என்று வந்தால், அதன் மறைவுப் பண்பை ஆட்ரிப் கட்டளையால் முதலில் நீக்கவேண்டும்.

இப்போது, இந்தக் கணினியை வேறொருவர் கொண்டுவந்து தந்ததாக நினைத்துக்கொண்டு தொடங்குங்கள். செய்தியை முழுவதும் படியுங்கள். எந்தக் கோப்பு, எந்தப் பாதை என்று அதிலேயே எழுதியிருக்கிறது. பூட் தகவல் இல்லாத நிலையில் டிஸ்கில் உள்ள மீட்புச் சூழலை அடையும் வழியும் அறுந்துவிடும். எனவே வெளியிலிருந்து, அதாவது ஐஎஸ்ஓவிலிருந்து தொடங்கியாக வேண்டும். உண்மையான கணினியில் பென்டிரைவ் இந்த இடத்தை வகிக்கும்.

இங்கே பலரும் செய்யும் தவறு, பூட் பகுதியைத் திருத்தும் பூட்ரெக் கட்டளையின் மூன்று நான்கு வடிவங்களையும் வரிசையாக ஓதுவது. விண்டோஸ் 7 காலத்தில், எம்பிஆர் என்னும் பழைய பகுப்பு முறை கொண்ட டிஸ்குகளில், அந்த வரிசைக்குப் பொருள் இருந்தது. யுஇஎஃப்ஐ கணினியில் எம்பிஆரைத் திருத்துவதால் பயனில்லை. பூட்ரெக்கின் இன்னொரு வடிவமான ஃபிக்ஸ்பூட்டோ அனுமதி மறுக்கப்பட்டது என்ற பதிலைத்தான் பல நேரம் தருகிறது. ஆகவே, டிஸ்க், யுஇஎஃப்ஐ கணினிகளின் புதிய பகுப்பு முறையான ஜிபிடி வகையா எம்பிஆர் வகையா என்பதை டிஸ்க்பார்ட்டின் டிஸ்க் பட்டியலில் ஜிபிடி என்ற பத்தியில் நட்சத்திரக் குறி இருக்கிறதா என்று பார்த்து முதலில் உறுதிசெய்யுங்கள்.

ஜிபிடி என்றால் பிசிடிபூட் என்ற ஒரே கட்டளை போதும். அதற்கு மூன்று செய்திகளைத் தரவேண்டும்: விண்டோஸ் கோப்புறை இருக்கும் இடம், இஎஃப்ஐ பகுதிக்கு நீங்கள் கொடுத்த எழுத்து, வகை யுஇஎஃப்ஐ என்பது. மீட்புச் சூழலில் டிரைவ் எழுத்துகள் மாறியிருக்கக்கூடும் என்பதை இங்கே கவனிக்கவேண்டும். வழக்கமாக சி என்று அழைக்கும் பகுதி டி ஆகவோ வேறொன்றாகவோ தெரியலாம். ஒவ்வோர் எழுத்திலும் டிர் கட்டளை கொடுத்து, யூசர்ஸ், விண்டோஸ், புரோகிராம் ஃபைல்ஸ் ஆகிய கோப்புறைகள் இருக்கும் பகுதியைக் கண்ணால் பார்த்த பிறகே கட்டளையை அடியுங்கள். பூட் கோப்புகள் உருவாக்கப்பட்டன என்ற வரி வந்ததும் ஐஎஸ்ஓவை நீக்கி மறுதொடக்கம் செய்யுங்கள்.

இது கைவந்த பிறகு கடினத்தைக் கூட்டலாம். இஎஃப்ஐ பகுதியையே டிஸ்க்பார்ட்டில் ஃபார்மேட் செய்துவிட்டு மீட்டெடுங்கள். அடுத்து அந்தப் பகுதியையே நீக்கிவிட்டு, புதிதாக உருவாக்கி மீட்டெடுங்கள். எந்த டிஸ்க் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது என்பதை ஒவ்வொரு டிஸ்க்பார்ட் கட்டளைக்கு முன்பும் பார்க்கும் பழக்கம் இந்தப் பயிற்சியில்தான் ஊறவேண்டும்; வாடிக்கையாளரின் கணினியில் பென்டிரைவும் இரண்டாவது டிஸ்கும் செருகியிருக்கும் நேரத்தில் அந்தப் பழக்கம் ஒன்றே அவருடைய புகைப்படங்களைக் காக்கும்.

அறிகுறி: விண்டோஸ் சின்னம் வந்து, பூட் சாதனத்தை அணுக முடியவில்லை என்று நிற்கிறது

இன்அக்ஸஸிபிள் பூட் டிவைஸ் என்ற பெயரோடு வரும் இந்த நீலத்திரையை முந்தையதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. பூட் மேனேஜர் சரியாக வேலை செய்துவிட்டது. விண்டோஸ் கர்னலும் ஏறிவிட்டது. அதன் பிறகு டிஸ்கோடு பேசுவதற்கான டிரைவர் கிடைக்கவில்லை. இங்கே பிசிடிபூட்டை ஓட்டுவது வீண்.

கெஸ்டை அணைத்துவிட்டு, ஸ்டோரேஜ் பக்கத்தில் டிஸ்கை சாட்டா கன்ட்ரோலரிலிருந்து எடுத்து வேறு வகைக் கன்ட்ரோலரில் இணைத்தால் இந்தப் பழுது உருவாகக்கூடும். தீர்வு, பழைய கன்ட்ரோலருக்கே திருப்பி வைப்பது. உண்மையான கணினியில் இதற்கு நேர் இணையான நிகழ்வு, பயாஸ் பேட்டரி தீர்ந்தோ யாரோ மாற்றியோ சாட்டா முறை ஏஹெச்சிஐயிலிருந்து ரெய்டுக்கோ அதற்கு எதிராகவோ மாறிவிடுவது. நேற்றுவரை ஓடிய கணினி இன்று இந்தத் திரையைக் காட்டினால், விண்டோஸை மீண்டும் நிறுவுவதற்கு முன் பயாஸில் இந்த ஒரு வரியைப் பார்த்துவிடுங்கள். புதிய முறையிலேயே ஓடவேண்டும் என்றால், பழைய முறையில் தொடங்கி, அடுத்த பூட் சேஃப் மோடில் நடக்குமாறு பிசிடிஎடிட் மூலம் குறித்துவிட்டு, பிறகு பயாஸில் மாற்றினால், விண்டோஸ் சேஃப் மோடில் ஏறித் தேவையான டிரைவரை இயக்கிக்கொள்ளும். முடிந்ததும் சேஃப் மோடுக் குறிப்பை நீக்க மறக்க வேண்டாம்.

அறிகுறி: கெஸ்டில் இணையம் வரவில்லை

ஹோஸ்டின் இணைப்பைக் கெஸ்ட் பகிர்ந்துகொள்ளும், விர்ச்சுவல்பாக்ஸின் இயல்பான நாட் முறையில் கெஸ்டுக்கு 10.0.2.15 என்ற முகவரியும், 10.0.2.2 என்ற கேட்வேயும் கிடைக்கும். ஐபிகான்ஃபிக் கட்டளையில் இவை தெரிந்தால் அடித்தளம் சரியாக இருக்கிறது. மீடியா துண்டிக்கப்பட்டுள்ளது என்று வந்தால், கெஸ்டின் நெட்வொர்க் அமைப்பில் கேபிள் கனெக்டெட் என்ற குறி நீக்கப்பட்டிருக்கிறது. லேன் கேபிளைப் பிடுங்கியதற்கு அது சமம். 169.254 என்று தொடங்கும் முகவரி வந்தால், கேபிள் இருக்கிறது, ஆனால் முகவரி வழங்கும் டிஹெச்சிபி பதிலளிக்கவில்லை. 8.8.8.8 என்ற எண்ணுக்குப் பிங் போகிறது, தளங்களின் பெயர்கள் மட்டும் திறக்கவில்லை என்றால், பெயர்களை எண்களாக மாற்றும் டிஎன்எஸ் பழுது.

இவை எல்லாவற்றையும் வேண்டுமென்றே உருவாக்கிப் பழகலாம். பெரிதும் பலன் தருவது பிராக்ஸி (பிரவுசருக்கும் இணையத்துக்கும் நடுவில் நிற்கும் இடைநிலைக் கணினி) பயிற்சி: விண்டோஸ் அமைப்பில் பிராக்ஸியை 127.0.0.1 (அதே கணினியின் முகவரி) என்று கையால் இட்டுவிடுங்கள். பிங் போகும், பெயர்கள் எண்ணாக மாறும், ஆனால் பிரவுசரில் ஒரு பக்கமும் திறக்காது. தீய நிரல்கள் நீக்கப்பட்ட பிறகும் அவை விட்டுச்சென்ற பிராக்ஸி அமைப்பு அப்படியே கிடப்பது உண்மையான கணினிகளில் காணக்கூடியது. மோடத்தையும் வைஃபையையும் குறைசொல்வதற்கு முன் இதைப் பார்ப்பவர்கள் குறைவு.

வைரஸ் நீக்கும் பயிற்சிக்கு உண்மையான தீய நிரல்களைத் தேடிச் செல்லாதீர்கள். எதிர்வைரஸ் மென்பொருள்களைச் சோதிப்பதற்கென்றே ஐகார் என்னும் 68 எழுத்துகள் கொண்ட தீங்கற்ற சோதனைக் கோப்பு இருக்கிறது. கண்டறிதல், தனிமைப்படுத்தல், விலக்குப் பட்டியல் ஆகியவற்றைப் பழக அதுவே போதும்.

அறிகுறி: ஓடிக்கொண்டிருந்த கெஸ்ட் திடீரென நின்றுவிட்டது, ஹோஸ்டில் இடமில்லை என்கிறது

64 ஜிபி என்று உருவாக்கிய மெய்நிகர் டிஸ்க் தொடக்கத்தில் ஹோஸ்டில் சிறிய இடத்தையே எடுத்துக்கொண்டு, உள்ளே எழுத எழுத வளர்கிறது. உள்ளே அழித்தாலும் அது தானாகச் சுருங்குவதில்லை. ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டும் அதற்குப் பிறகான மாற்றங்களைத் தனிக் கோப்பில் சேர்க்கிறது. இடம் தீர்ந்ததும் விர்ச்சுவல்பாக்ஸ் கெஸ்டை நிறுத்திவைக்கும். ஹோஸ்டில் தேவையற்றவற்றை அழித்து இடம் உண்டாக்கிய பிறகு அதைத் தொடர்ந்து ஓட்டலாம். வேறு தொந்தரவு இருக்காது.

ஸ்னாப்ஷாட்டுகளை வெறுக்கத்தக்க குப்பையாகக் கருதி, அவற்றின் கோப்புகளைக் கோப்புறையிலிருந்து நேரடியாக அழிப்பதுதான் ஆபத்து. சங்கிலியின் ஒரு கோப்பு போனால் அதற்குப் பிறகானவை எல்லாம் பயனற்றுப் போகும். விர்ச்சுவல்பாக்ஸின் ஸ்னாப்ஷாட் பக்கத்திலிருந்துதான் நீக்கவேண்டும். அங்கே டெலீட் என்பது இன்றைய நிலையை இழப்பதாகாது. அந்த மீட்புப் புள்ளியை மட்டும் நீக்கி, மாற்றங்களை ஒன்றாக இணைக்கிறது. ரீஸ்டோர்தான் இன்றைய நிலையை விட்டுவிட்டுப் பின்னுக்குச் செல்கிறது. இணைக்கும் பணிக்கே சற்று இடம் தேவைப்படுவதால், டிஸ்க் முழுவதும் நிரம்பும்வரை காத்திருக்கக் கூடாது.

ஃபேட்32 பென்டிரைவில் கெஸ்டை வைத்திருப்பவர்களுக்கு இதே நிறுத்தம் இடம் மீதமிருக்கும்போதே வரும். அந்த வகையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட் வகைக்கு மாற்றுங்கள்.

அறிகுறி: கெஸ்டில் வெற்றிபெற்ற முறை உண்மையான கணினியில் பலிக்கவில்லை

வெப்பம், தளர்ந்த ரேம், உப்பிய கெபாசிட்டர் ஆகியவற்றை மெய்நிகர் கணினி கற்பிக்காது என்பது வெளிப்படை. அதைவிட நுட்பமான மூன்று வேறுபாடுகளை அறிந்திருக்க வேண்டும்.

அழிந்த கோப்புகளை மீட்பது முதலாவது. கெஸ்டில் 2 ஜிபி அளவில் இரண்டாவது டிஸ்க் ஒன்றைச் சேர்த்து, அதில் படங்களை இட்டு, குவிக் ஃபார்மேட் செய்துவிட்டு, ஃபோட்டோரெக் கருவியால் தேடினால் ஏறத்தாழ எல்லாமே திரும்பக் கிடைக்கும். அதே நம்பிக்கையோடு ஒருவரின் எஸ்எஸ்டியில் தேடினால் பல நேரம் ஒன்றும் கிடைக்காது. கோப்பு அழிக்கப்பட்டதும் விண்டோஸ் டிரிம் கட்டளை மூலம் அந்த இடங்களை எஸ்எஸ்டிக்குத் தெரிவித்துவிடுகிறது. எஸ்எஸ்டி தன் போக்கில் அவற்றைத் துடைத்துவிடுகிறது. ஆகவே மீட்டுத் தருகிறேன் என்ற வாக்குறுதியைக் கொடுப்பதற்கு முன், டிஸ்க் எந்த வகை என்று பாருங்கள்.

இரண்டாவது, நிறுவியில் டிஸ்கே தெரியாமல் போவது. கெஸ்டில் இது நேர்வதில்லை. புதிய இன்டெல் மடிக்கணினிகள் சிலவற்றில் எஸ்எஸ்டி விஎம்டி என்னும் அமைப்பின் பின்னால் இருப்பதால், அதற்கான டிரைவரைப் பென்டிரைவில் வைத்து நிறுவியில் ஏற்றினால்தான் டிஸ்க் தெரியும். டிஸ்க் பழுதாகிவிட்டது என்று இந்த இடத்தில் முடிவுக்கு வந்து, நல்ல டிஸ்கை மாற்றச் சொல்லிவிடக் கூடாது.

மூன்றாவது பிட்லாக்கர். பயிற்சிக் கணினியில் டிஸ்க் பூட்டப்படாமல் இருந்ததால், மீட்புச் சூழலில் எல்லாக் கோப்புகளும் உடனே தெரிந்தன. விண்டோஸ் 11 24ஹெச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழையும் கணினிகளில் டிஸ்க் குறியாக்கம் தானாகவே இயக்கப்படுவதால், உரிமையாளருக்கே அது தெரியாமல் இருக்கலாம். இதையும் கெஸ்டில் பழகலாம். புரோ அல்லது எண்டர்பிரைஸ் கெஸ்டில் பிட்லாக்கரை இயக்கி, 48 இலக்க மீட்புக் குறியீட்டை ஹோஸ்டில் சேமித்துக்கொண்டு, ஸ்னாப்ஷாட் எடுத்தபின் கெஸ்டை அணைத்து, சிஸ்டம் பக்கத்தில் டிபிஎம்மை 'நன்' என்று மாற்றித் தொடங்குங்கள். மதர்போர்டு மாற்றப்பட்ட கணினி எப்படி நடந்துகொள்ளுமோ அப்படியே குறியீட்டைக் கேட்டு நிற்கும். குறியீட்டை இட்டு உள்ளே செல்வது ஒரு பயிற்சி. அதே டிஸ்கை ஐஎஸ்ஓவின் கட்டளைச் சாளரத்திலிருந்து மேனேஜ்-பிடிஇ கட்டளையால் திறந்து, கோப்புகளை இன்னொரு மெய்நிகர் டிஸ்குக்கு நகலெடுப்பது அடுத்த பயிற்சி. உண்மையான கணினியில் பயாஸ் அமைப்பையோ மதர்போர்டையோ தொடுவதற்கு முன், உரிமையாளரைத் தம் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அந்தக் குறியீடு அங்கே இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் எழுதி வாங்கிக்கொண்ட பிறகு வேலையைத் தொடங்குங்கள்.